குளிரின் மேல் போடும் பழி

ஜலதோஷம் என்ற சொல்லிலேயே தீர்ப்பை எழுதி முடித்துவிட்டோம். குற்றவாளி ஜலம். நாட்டு வைத்தியத்தில் நீர்க்கோவை என்பார்கள், அங்கேயும் தண்ணீர்தான் மாட்டிக்கொள்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துத் தடுமன் ஒன்றுதான் யார் மேலும் பழி போடாத சொல். இங்கிலீஷ்காரனும் நம்மைப் போலத்தான். மூக்கு ஒழுகினால் 'கோல்ட்' என்கிறான், நோய்க்கே குளிர் என்று பெயர். இன்ஃப்ளுயன்ஸா இத்தாலியிலிருந்து வந்த சொல். தாக்கம் என்று பொருள். நட்சத்திரங்களின் தாக்கத்தால் அந்தக் காய்ச்சல் வருகிறது என்று ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். நம் சனிப்பெயர்ச்சி ஆட்களுக்கு அங்கேயும் பங்காளிகள் இருந்திருக்கிறார்கள் போல.

ஐப்பசி பிறந்து நாலு நாள் தூறல் விழுந்தால் போதும், எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாரும் மஃப்ளருக்குள் புகுந்துவிடுவார்கள். குரங்குக் குல்லாய் பெட்டியிலிருந்து வெளியே வரும். தயிர் நிற்கும், வாழைப்பழம் நிற்கும், மின்விசிறி நிற்கும். ஜன்னல்களுக்குத் தாழ்ப்பாள். இத்தனை காவலுக்கும் பிறகு ஒவ்வொரு வருஷமும் மூன்று நான்கு பேர் படுக்கையில் விழத்தான் செய்கிறார்கள். நாம் காவல் காக்கும் வாசல் வேறு, நோய் நுழையும் வாசல் வேறு என்பது என் கட்சி. அதை இங்கே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்தவன் அல்ல. கால்நடைத்துறையில் 34 வருஷம், அதில் பாதி நாமக்கல், ராசிபுரம் பக்கம், கோழிகளோடு. "மாட்டு டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மனிதனின் ஃப்ளூ வைரஸை 1933இல் லண்டனில் கண்டுபிடித்தபோது உதவிக்கு வந்தது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயை ஆராய்வதற்காக வைத்திருந்த ஃபெரெட் என்ற கீரி ஜாடைப் பிராணி. இன்றைக்கும் ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதி கோழி முட்டையில்தான் வளர்கிறது. எங்கள் துறைக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

இதை எழுத வைத்தது போன கார்த்திகையில் நடந்தது. எங்கள் பென்ஷனர் சங்கத்து நண்பர், 71 வயது, என்னோடு தினமும் காலையில் நடப்பவர். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி ஏசி பஸ்ஸில் திரும்பினார். ஒரு நாள் விட்டு மறுநாள் இருமல், 101 டிகிரி காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. "ஏசி பஸ்ல குளிர் உள்ள இறங்கிடுச்சுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றார். கஷாயம், ஆவி, இரண்டு போர்வை. சாப்பாடு கிடையாது, கஞ்சித் தண்ணீர் மட்டும். ஐந்து நாள் இப்படிப் போயிற்று. ஆறாம் நாள் சாயங்காலம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃப்ளுயன்ஸா ஏ. அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏசி பஸ்ஸைத் திட்டினார்கள். எனக்கு வேறு கணக்கு ஓடியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பரிசோதனையில் ஃப்ளூ என்று உறுதியானவர்களுக்கு, முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதற்கு முழுப் பலம். குளிர் என்று பெயர் வைத்ததால் டாக்டரிடம் போகவில்லை. டாக்டரிடம் போகாததால் அந்த 48 மணி நேரம் கஷாயத்தில் கரைந்தது. மாத்திரை போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

சரி, குளிருக்கு இதில் பங்கே இல்லையா?

உண்டு. முதலில் குளிரின் தரப்பில் உள்ள பழைய சாட்சியைச் சொல்கிறேன். 1878இல் லூயி பாஸ்டர் கோழிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அடைப்பான் என்று நாம் சொல்லும் ஆந்த்ராக்ஸ் நோய் ஆட்டையும் மாட்டையும் கொல்லும், கோழியை ஒன்றும் செய்யாது. கோழியின் உடல் சூடு 41, 42 டிகிரி. அதனால்தானோ என்று பாஸ்டருக்குச் சந்தேகம். கிருமியைச் செலுத்திய கோழியின் கீழ்ப்பாதியைக் குளிர்ந்த நீரில் வைத்து உடல் சூட்டை இறக்கினார். கோழி செத்தது. இன்னொன்றை நோய் கண்டதும் வெளியே எடுத்துச் சூடேற்றினார். அது பிழைத்தது. குளிர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தக் கோழியின் உடம்பு முழுக்க, உள்ளுறுப்பு வரைக்கும் சூடு இறங்கியது. நீங்களும் நானும் மழையில் நனைந்தால் தோல் குளிர்கிறது, பல் கிட்டுகிறது. உள்ளே 37 டிகிரி அப்படியே இருக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் அந்த நடுக்கமே.

மனிதர்களை வைத்தே சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், 1946இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஜலதோஷத்துக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். போர்க்கால ஆஸ்பத்திரிக் கொட்டகைகள். தங்குவதற்கு இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பத்து நாள் இருக்க வேண்டும், மூக்கில் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். ஓசியில் விடுமுறை என்று ஜனங்கள் விரும்பி வந்திருக்கிறார்கள், தேனிலவுக்கு வந்த ஜோடிகள் உட்பட. சிலரைக் குளிப்பாட்டி, ஈர உடையோடு காற்றடிக்கும் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு ஈரக் காலுறையோடு நடமாட விட்டார்கள். நம் வீட்டுப் பாட்டி பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பாள். கிருமி இல்லாமல் குளிர் மட்டும் பட்டவர்களுக்கு ஜலதோஷம் வரவில்லை. கிருமியோடு குளிரும் சேர்ந்தவர்களுக்கு அதிகம் வந்தது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2005இல் கார்டிஃப் நகரத்தில் இன்னொரு சோதனை. 180 பேர். பாதிப் பேர் 20 நிமிஷம் 10 டிகிரித் தண்ணீரில் காலை வைத்திருந்தார்கள், மீதிப் பேர் வெறும் தொட்டியில். அடுத்த நாலைந்து நாளில் ஜலதோஷம் என்று சொன்னவர்கள் குளிர்ந்த கூட்டத்தில் 13, மற்றதில் 5. பாட்டி ஜெயித்துவிட்டாள் என்று பத்திரிகைகள் குதித்தன. ஆனால் யார் மூக்கிலும் வைரஸைத் தேடிப் பார்க்கவில்லை. அவரவர் சொன்னதுதான் கணக்கு. ஏற்கனவே மூக்கில் ஒளிந்திருந்த கிருமிக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். இருக்கலாம்.

ஏனென்றால் உடம்பு குளிராவிட்டாலும் மூக்கு குளிர்கிறது. 2022இல் பாஸ்டனில் சிலரை 15 நிமிஷம் நாலரை டிகிரிக் குளிரில் வைத்தார்கள். மூக்குக்குள் சூடு 5 டிகிரி இறங்கியது. கிருமி வந்தால் அதைச் சூழ்ந்து பிடிக்க மூக்குச் செல்கள் நுண்ணிய பைகளைக் கோடிக்கணக்கில் சளியோடு வெளிவிடுகின்றன. குளிரில் அந்தப் பைகள் 42 சதவீதம் குறைந்தன. ஆக, வாசற்காவலனுக்குக் கை விறைக்கிறது, உண்மைதான். ஆனால் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய என் மைத்துனர் ஒரு வரியை விட்டுவிட்டார். அந்த ஆய்வில் இருந்தவை சாதாரண ஜலதோஷ வைரஸ்கள், ஃப்ளூ அல்ல. ஜலதோஷம் நம்மைத் தும்ம வைக்கும். ஃப்ளூ நம் வயதில் ஆளையே கொண்டுபோகும். இரண்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது.

ஃப்ளூவையே குளிரில் வைத்துப் பார்த்தது நியூயார்க்கில், 2007இல். அதன் பின்கதை எனக்குப் பிடித்தது. 1918 பெருங்கொள்ளையின்போது அமெரிக்காவில் கேம்ப் கோடி என்ற ராணுவ முகாமின் பரிசோதனைக்கூடத்தில் கினிப்பன்றிகள் கொத்தாகச் செத்ததை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். பீட்டர் பலேசி என்ற விஞ்ஞானி அந்தப் பழைய கட்டுரையைப் படித்துவிட்டு, எலிக்குப் பதில் கினிப்பன்றியை வைக்கலாமே என்று யோசித்தார். எலி ஃப்ளூவை இன்னொரு எலிக்கு எளிதில் கொடுக்காது, கினிப்பன்றி கொடுக்கும். தனித்தனிக் கூண்டில் நாலு நோயாளி, நாலு ஆரோக்கியம், நடுவில் காற்று மட்டும். 5 டிகிரியில் நன்றாகப் பரவியது. 20 டிகிரியில் காற்றின் ஈரத்தைப் பொறுத்துப் பரவியது. 30 டிகிரியில் ஒன்றுக்குக்கூடப் பரவவில்லை.

ஆஹா, குளிரில் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்று சொல்லத் தோன்றும். அதையும் பார்த்தார்கள். 5 டிகிரியில் இருந்தவற்றுக்கும் 20 டிகிரியில் இருந்தவற்றுக்கும் மூக்கு, தொண்டையில் முதல்நிலை எதிர்ப்பு ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. குளிரில் இருந்தவை வைரஸைக் கூடுதல் நேரம் வெளியே விட்டன, அவ்வளவே. வைரஸின் மேலே உள்ள கொழுப்புப் போர்வை குளிரில் கெட்டிப்பட்டு அதைக் காப்பாற்றுகிறது என்று அடுத்த வருஷம் வேறொரு குழு சொன்னது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர் நம்மைப் பலவீனமாக்குவதைவிட, வைரஸுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறது.

இதே குழு 2008இல் செய்த சோதனையைத்தான் நம்மூர்ச் சுவர்களில் எழுதிவைக்க வேண்டும். 30 டிகிரியில் காற்று வழியாகப் பரவாத அதே ஃப்ளூ, கினிப்பன்றிகளை ஒரே கூண்டில் சேர்த்து விட்டபோது தாராளமாகப் பரவியது.

நம் ஊர் அந்த ஒரே கூண்டுதான். சென்னையில் ஃப்ளூ ஏறுவது நியூயார்க்கைப் போல உறைபனியில் அல்ல, பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில். டெல்லியிலும் புனேயிலும் அவர்களுடைய மழையில், ஆடி ஆவணியில். காஷ்மீரத்து ஸ்ரீநகரில் மட்டும்தான் மேல்நாடு போலத் தை, மாசிக் குளிரில். மழையில் நம் காற்று வறண்டும் இல்லை, குளிர்ந்தும் இல்லை. 24, 25 டிகிரியை ஒரு கனடாக்காரன் கேட்டால் கோடை என்பான். மழையில் மாறுவது நம் நடத்தை. டவுன் பஸ்ஸில் ஷட்டரை இறக்கிவிட்டு எழுபது பேர் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்குகிறோம். வீட்டில் எட்டுப் பேர் ஒரே கூடத்தில். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவருவதைத் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து தாராளமாகப் பங்கிடுகிறான். என் நண்பரை விழ வைத்தது ஏசி குளிரா, அதே பஸ்ஸில் ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு வந்த யாரோ ஒருவரா என்று என்னைக் கேட்டால், நான் இரண்டாவதுக்குத்தான் கை தூக்குவேன்.

கிராமத்தில் இதே வழக்கை வேறு வடிவில் கேட்டிருக்கிறேன். "ராத்திரி பனியில மரத்து மேல அடஞ்சுதுங்க டாக்டர், காலையில பாத்தா பத்துக் கோழி போயிருச்சு" என்பார்கள். செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் இரைப்பையின் முன்பகுதியில் குண்டூசித் தலை அளவில் இரத்தப் புள்ளிகள். ராணிக்கேட், அதாவது வெள்ளைக் கழிச்சல். சந்தையில் வாங்கி வந்த ஒரு சேவலோடு வந்திருக்கும். பனி பாவம், அது தினமும்தான் பெய்கிறது.

குளிருக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டு, வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2019இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் எலிகளை 4, 22, 36 டிகிரி அறைகளில் ஒரு வாரம் வைத்துப் பிறகு ஃப்ளூ கொடுத்தார்கள். எதிர்ப்புச் சக்தி படுத்துக்கொண்டது குளிரில் இருந்தவற்றுக்கு அல்ல; 36 டிகிரியில் இருந்தவற்றுக்கு. வைரஸை அடையாளம் கண்டு அடிக்கும் அணுக்களும் எதிர்ப்புப் புரதமும் சரியாக உருவாகவில்லை. காரணத்தைத் தேடியபோது, சூட்டில் அவை சரியாகத் தின்னவில்லை என்று தெரிந்தது. குளுக்கோஸ் கொடுத்ததும் எதிர்ப்பு ஓரளவு திரும்பியது.

இதைப் படித்தபோது நாமக்கல் சித்திரை மாதம் கண்முன் வந்தது. கொட்டகைக்குள் 40 டிகிரி, கோழிகள் வாயைத் திறந்து இரைக்கும், தீவனம் அப்படியே கிடக்கும். அந்த நேரத்தில் போட்ட தடுப்பூசிக்கு எதிர்ப்பளவு ஏறாது. அதனால்தான் விடிகாலையில் வந்து போடுங்கள் என்று பண்ணைக்காரர்களிடம் சண்டை போடுவோம். எலியையும் கோழியையும் மனிதனோடு நேரே பொருத்தக்கூடாது என்பதும் தெரியும். எலிக்குச் சுகமான சூடே 30 டிகிரி. 22 என்பது அதற்கு ஏற்கனவே ஊட்டி. ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. காய்ச்சல் வந்தால் நாம் செய்யும் முதல் காரியம் பட்டினி போடுவது. லங்கணம் பரம ஔஷதம் என்று அதற்கு ஒரு சமஸ்கிருத முத்திரை வேறு. இருபது வயதுப் பையன் இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது. எழுபது வயதில், ஏற்கனவே அரை வயிறு சாப்பிடுகிறவர், ஐந்து நாள் கஞ்சித் தண்ணீரில் கிடப்பதை நான் ஏற்கமாட்டேன். இட்லி, பருப்பு சாதம், முட்டை, எது இறங்குகிறதோ அது. சர்க்கரை உள்ளவர்கள் பட்டினி கிடந்துகொண்டு மாத்திரையையும் போட்டுக்கொள்வது இன்னும் மோசம்.

ஸ்வெட்டரைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். நம் வயதில் இதயத்துக்கு அது நல்லதல்ல. ஒரு வாரத்துக் கோழிக்குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும், குறைந்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். வயதானவர்களும் ஒரு வகையில் அந்தக் குஞ்சு போலத்தான், உடல் சூட்டைக் காப்பாற்றும் திறன் குறைந்துவிடுகிறது. போர்த்திக்கொள்ளுங்கள். போர்த்திக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமுகிறவர் அருகில் முகக்கவசம். கொரோனாவுக்கு வாங்கியது பீரோவில் இன்னும் இருக்கும்.

அப்புறம் தடுப்பூசி. ஃப்ளூ ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, கைக்காசுதான். எனக்கு இந்த வருஷம் 1,800 ரூபாய் சொச்சம் ஆயிற்று. வைரஸ் உரு மாறுவதால் வருஷா வருஷம் போட வேண்டும். போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் எதிர்ப்பு தயாராகும். அதனால் மழை கொட்டும்போது ஓடுவதில் பிரயோஜனமில்லை, ஆவணி புரட்டாசியிலேயே டாக்டரைக் கேட்டு முடித்துவிட வேண்டும். நம் வயதில் ஊசிக்கும் உடம்பு மந்தமாகத்தான் பதில் சொல்லும். முழுக் காப்பு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகும் வாய்ப்பு குறையும். பேத்தியின் மொட்டைக்கு 50 பேருக்கு விருந்து வைக்கிறவர்கள் இந்தப் பணத்துக்கு யோசிப்பதை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

இன்னொன்று. முதியவர்களுக்கு ஃப்ளூவில் காய்ச்சல் அதிகம் ஏறாமலே இருக்கலாம். திடீரென்று சோர்வு, பேச்சில் குழப்பம், நடக்கையில் தடுமாற்றம், சாப்பாட்டில் வெறுப்பு, இப்படியும் ஆரம்பிக்கும். தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டர். போய் "குளிர் ஒத்துக்கலைங்க" என்று நீங்களே நோயைச் சொல்லிவிடாமல், எந்தத் தேதியில் என்ன தொடங்கியது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு எங்கள் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம். அறுபது நாற்காலி போடும் சின்னக் கூடம், ஆறு ஜன்னல். மழைக்காலத்தில் ஆறும் மூடித்தான் இருக்கும். இந்த முறை ஆறையும் திறந்து, விசிறியையும் போட வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். "சார், எல்லாருக்கும் குளிருமே" என்றார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரும்படி அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.